காசுக்கு அம்மை

"பெட்டியை எங்கிட்டக் குடுத்துருங்க பெரியப்பா."

கேட்டுவிட்டேன்.

இந்த வீட்டில் பிறந்த பெண் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சீலை கேட்கலாம், எருமைக்கன்று கேட்கலாம். பட்டணத்துக் காலேஜுக்குப் போகிறேன் என்று சோறு தின்னாமல் கிடந்து அதையும் வாங்கிக்கொள்ளலாம், நான் வாங்கினேன். எங்கள் குலசாமி காசாயியின் பெட்டியை மட்டும் கேட்கக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா என் காதில் ஓதியது இது ஒன்றைத்தான். கேட்டால், குலத்தையே தூக்கிக்கொண்டு இன்னொருத்தன் வீட்டுக்குப் போகப் பார்க்கிறாள் என்று அர்த்தமாம்.

சாமி அறையில் அம்மா மயிலம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். என் அண்ணன் சென்னியப்பன் தரையைப் பார்த்தான். தரையைப் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்பா போனபிறகு எங்கள் வீட்டுக்கும் பெரியவராகிவிட்ட குழந்தைவேல் பெரியப்பா, கையிலிருந்த மஞ்சள்தண்ணிச் சொம்பைக் கீழே வைத்தார். அவர் கை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

"என்ன கேட்டீங்க அம்மிணி?"

"பெட்டியைக் கேட்டனுங்க."

"பட்டணத்துல பட்டம் வாங்குனது பத்தலையா? இதும் வேணுமாக்கும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. நங்கை அந்தத் தண்ணியக் குடிக்கறது நிக்கோணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

நங்கை என்றால் அண்ணி. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சௌந்திரம் நங்கை மூலையில் ஈரச்சீலையோடு உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையை அம்மா வாங்கி வைத்திருந்தாள். நங்கைக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் காசு கழுவிய தண்ணி இருந்தது. மஞ்சளும் மோரும் கலந்து, ஓரத்தில் பச்சையாகப் படிந்திருந்தது.

"நீ குடி சாமி," என்றார் பெரியப்பா, என்னைப் பார்க்காமலே.

நங்கை குடித்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு எழுந்து புழக்கடைக்கு ஓடினாள். குமட்டி எடுக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா," என்றாள் பொன்னாயி பெரியம்மா, பெரியப்பாவின் சம்சாரம். "இன்னைக்கும் ஆத்தா ஏத்துக்கல."

எங்கள் குலத்துக்குச் சிலை கிடையாது. காசுதான் சாமி. எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் காட்டில், எந்தக் காலத்திலோ ஏரோட்டும்போது கொழுவில் மாட்டி வந்த ஒரு கலயம். அதில் செப்புக்காசுகள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மரம் போல ஏதோ ஒன்று. எந்த ராஜா அடித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சிறுபிள்ளையாகப் பார்த்தபோது அவை கறுப்பாக இருக்கும். எண்ணெய் பூசிய எருமைத்தோல் மாதிரி வழவழப்பான கறுப்பு. யாரும் தேய்த்ததில்லை, கழுவியதில்லை. வருசத்தில் ஒருநாள் பெட்டியைத் திறப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், மூடுவார்கள்.

போன வருசம் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வாழப்பாடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், சாமி இப்படியா கறுத்துக் கிடப்பது? புதுமருமகளைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார். நங்கை பித்தளைக் குடத்தை விளக்குவதுபோலப் புளியும் கல்லுப்பும் போட்டு விளக்கினாள். அன்றைக்குத்தான் அடித்த மாதிரி காசெல்லாம் சிவந்து மின்னியதாம். ஊரே வந்து பார்த்ததாம். மருமகளுக்கு என்ன கைராசி என்றார்களாம்.

மழைக்காலம் வந்தது. காசுக்கு அம்மை போட்டது.

ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். பரீட்சை முடிந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது, வேறெப்படிச் சொல்வார்கள் என்று எனக்கே தோன்றியது. வெளிறிய பச்சையில் முத்து முத்தாகக் கொப்புளம். விரல் பட்டால் மாவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் குழி. யானையின் முகம் முழுக்கத் தழும்பு. காலேஜில் ரசாயனம் படித்தவள்தான் நான். ஆனாலும் முதுகு சில்லிட்டுப் போனது.

அம்மை கண்டவருக்கு எங்கள் ஊரில் மருந்து கொடுக்க மாட்டார்கள், குளிர்விப்பார்கள். ஆகவே காசையும் குளிர்வித்தார்கள். வெள்ளி தவறாமல் இளநீர், உப்புப் போட்ட கம்மங்கூழ், மோர், மஞ்சள்தண்ணி. மேலே ஈர வேப்பிலையைப் போர்த்திப் பெட்டியை மூடுவார்கள். அடுத்த வெள்ளி திறந்தால் கொப்புளம் இன்னும் கூடியிருக்கும். ஆத்தாளுக்கு இன்னும் சூடு தணியவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். வழிந்த தண்ணி நங்கைக்குத் தீர்த்தம். ஏன் அவளுக்கு? அவள் கை பட்டபிறகுதானே வந்தது, தீட்டோடு தொட்டிருப்பாள். விளக்கச் சொன்னது யார் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

நான் கேட்டேன்.

"இது அம்மையில்லீங்க பெரியப்பா. செம்பைத் தின்னுற நோவு. பட்டணத்து மியூசியத்துல இதே மாதிரி ஒரு வெளக்கை என்ற கண்ணால பாத்திருக்கறேன். அங்க இதுக்குன்னே ஒரு ரசாயன ரூம் இருக்குது. கறுத்துக் கெடந்தா தொடாதீங்க, அது செம்பு தானே போத்திக்கிட்ட தோலு, அதை உரிச்சா பொருள் செத்துரும்னாங்க. கெட்டியா ஒட்டுன பச்சையா இருந்தாலும் அப்படியே உட்டுருங்கன்னாங்க. வெளுத்த பச்சையா மாவாட்டம் உதுந்து, தொடைச்சாலும் திரும்பத் திரும்பப் பூத்தா மட்டும் ஊட்டுல வெச்சுக்கிட்டு வைத்தியம் பாக்காதீங்க, ஈரம் படாம எங்ககிட்டக் கொண்டாந்துருங்கன்னாங்க. உள்ள போன உப்பை வெளிய எடுக்க அவங்களுக்குத்தான் தெரியும்."

பொன்னாயி பெரியம்மா சிரித்துவிட்டாள். "ஏனுங்கண்ணு, காசுக்கு நாடி புடிச்சுப் பாப்பாங்களா? நாக்கை நீட்டச் சொல்லுவாங்களா?"

எனக்கு நயமாகப் பேச வராது. அன்றும் வரவில்லை.

"தோலை உரிக்கச் சொன்னது பெரியப்பா. உரிச்ச புண்ணுல உப்புக் கூழ் ஊத்தறதும் பெரியப்பா. அந்தத் தண்ணியில கரைஞ்சு வாரது வெசமுங்க. பால் குடுக்கற பொம்பளைக்கு அதைக் குடுக்கறதும் பெரியப்பாதானுங்க."

"வாயை மூடு புள்ளே!" என்றான் அண்ணன். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

பெரியப்பா பெட்டியை மூடினார். "ஆத்தாளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோற காலம் வந்துருச்சாட்ட இருக்குது," என்றார்.

மறுநாள் வேப்பிலை மாற்றும் வேலை நங்கைக்கு. பழசை எடுத்துப் புதுசைப் போர்த்த வேண்டும். யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். நான் போனேன்.

"நங்கை, எனக்கு ஒரு காசு வேணும். ஒண்ணே ஒண்ணு."

அவள் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "வேண்டாமுங்க அம்மிணி. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? புத்தகத்தில் படித்தது. ஒருமுறை ஒரு விளக்கைப் பார்த்தது. அதை வைத்து ஒரு குழந்தையின் உயிருக்கு நான் எப்படி ஜவாப் சொல்வது? ஆனாலும் சொன்னேன், முகத்தில் பயம் தெரியாமல். "எனக்குத் தெரியும்."

பிறகு கேட்டேன்: "நெசமாச் சொல்லுங்க. நீங்க தீட்டோட தொட்டீங்களா?"

அவள் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல வாயைச் சப்பிக்கொண்டே இருந்தாள். எந்நேரமும் செம்பு வாடை வருகிறதாம். "தெரியலீங்க. இல்லைன்னுதான் நெனைச்சேன். எல்லாருஞ் சொல்றாங்க. தொட்டிருப்பனாட்ட இருக்குது."

பெரியப்பாவின் சொம்பைவிட, அம்மாவின் மௌனத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது இந்தப் பேச்சுதான்.

காசை எடுத்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். உதிர்கிற மாவை மட்டும் காய்ந்த துணியால் ஒற்றியெடுத்தேன். தேய்க்கவில்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, தண்ணி படாத சுட்ட சுண்ணாம்புக் கல்லை ஒரு தகர டப்பாவில் போட்டு, அதன்மேல் காசைக் காகிதத்தில் பொதிந்து வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு பூசினேன். இது வைத்தியம் இல்லை. சுண்ணாம்புக் கல் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், புதிதாகப் பூப்பது நிற்கும், அவ்வளவுதான். உள்ளே புகுந்த உப்பு அங்கேயேதான் இருக்கும். அதைத் தொட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது தெரிந்திருந்ததுதான் பெரியப்பாவுக்கும் எனக்கும் இருந்த ஒரே வித்தியாசம்.

அடுத்த வெள்ளிவரை அந்த ஒரு காசு பூக்காமல் இருந்தால் போதும், காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இடையில் நிஜமான அம்மை வந்தது.

எங்கள் பண்ணையத்தில் வேலை செய்யும் காத்தானின் மகளுக்குக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் முகத்தில் முத்துப் போட்டுவிட்டது என்றார்கள். அவர்கள் குடியிருந்த காட்டுச் சாளையின் வாசலில் வேப்பங்கொத்து தொங்கியது. ஊரில் ஒவ்வொரு வாசலிலும் தொங்கியது. கிணற்றடியில் பேச்சு நின்றது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. என் தோளில் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்திய வடு இருக்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. குத்துகிறவர் எருமப்பட்டிக்கு வருகிறார், கூட்டிவரலாம் என்றேன். ஆத்தா வந்திருக்கும்போது ஊசியா என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

எனக்கும் பயம்தான். இப்போது ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் கிடந்து டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான் அந்தக் காசை எடுத்தேன், பிறகு காத்தான் மகளுக்குப் போட்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்று என் படிப்பு சொன்னது. பயம் கேட்கவில்லை.

பெரியப்பா தீர்மானம் செய்துவிட்டார். இனித் தண்ணி போதாது. வெள்ளிக்கிழமை நங்கை சத்தியம் செய்ய வேண்டும். அம்மை பூத்த காசை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு காலை முதல் பொழுது சாயும்வரை ஆத்தா முன்னால் உட்கார வேண்டும். எச்சில் துப்பக் கூடாது. குற்றமில்லாதவள் என்றால் காசு சுத்தமாக வெளியே வரும். இல்லாவிட்டால், பிள்ளையை வைத்துவிட்டு அவள் மட்டும் படியிறங்க வேண்டும்.

"இப்பவே கெளம்புங்க நங்கை," என்றேன். "புள்ளையத் தூக்கிக்கோங்க. உங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உடறேன்."

அவள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. மலைப்பாதை தொடங்கும் இடம். அவள் தலையை ஆட்டினாள். "எங்கண்ணன் படியேத்த மாட்டானுங்க. அவனுக்கும் புள்ளைங்க இருக்குதுங்க. அம்மை கொண்டுவந்தவங்கற பேரு எனக்கு முன்னால போய்ச் சேந்திருக்கும்."

"அண்ணங்கிட்ட, என்ற அண்ணங்கிட்டச் சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னனுங்க. ஒரு பொழுதுதான, வெச்சுக்கன்னாங்க."

வெள்ளிக்கிழமை பங்காளி வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். சாமி அறை கொள்ளவில்லை, முன்கூடமான ஆசாரம் வரைக்கும் ஆட்கள். நங்கை ஈரச்சீலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியப்பா பெட்டியைத் திறந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பச்சைக் கட்டியாகிக் கிடந்தன. அவர் ஒன்றைப் பிய்த்தெடுத்தார்.

"வாயைத் தொற சாமி."

நங்கை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காசு உள்ளே போனது. கொஞ்ச நேரத்துக்குள் அவள் உதட்டோரம் பச்சையாக ஒரு கோடு வழிந்தது. குமட்டலை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது. அம்மாவின் கையில் குழந்தை பாலுக்கு அழுதது.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். டப்பாவின் மெழுகை நகத்தால் கீறித் திறந்தேன். அது பூத்திருந்தால்?

பூக்கவில்லை. தழும்பு இருந்தது, குழி இருந்தது. புதுக்கொப்புளம் ஒன்றும் இல்லை. காசு காய்ந்து கிடந்தது.

"பாருங்க," என்றேன். "அந்தப் பெட்டிக் காசுதான் இது. போன வாரமே எடுத்துட்டேன். தண்ணி காட்டாம வெச்சேன், நின்னுருச்சு. அதுல ஊத்துனீங்க, ஏறிருச்சு. நங்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பெரியப்பா, கிட்ட வந்து பாருங்க."

அவர் கிட்ட வந்தார். குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணி கோத்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இவ்வளவு நாளாக அந்தக் கை நடுங்கியது கோபத்தில் இல்லை. விளக்கச் சொன்னது தான்தான் என்று அந்த மனுசருக்குத் தெரியும். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் பயந்து கிடந்தார்.

"எடுத்தது நீங்களா அம்மிணி?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"ஆத்தா முத்து எறங்கி உங்ககிட்ட வந்து குந்தியிருக்கறா."

"அப்படியில்லீங்க, சுண்ணாம்பு—"

"போன வாரம் எடுத்தாளாம்!" பின்னால் யாரோ கத்தினார்கள். "காத்தான் மகளுக்குப் போட்டதும் போன வாரந்தான்!"

"பெட்டியக் கேட்டாளாமே, பொறந்த பொண்ணு வாயத் தொறந்து கேட்டாளாமே!"

"படிச்ச புள்ளை, பயம் எங்க இருக்கப்போகுது?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு முகம்கூட நங்கையைப் பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் யாருமே அவளைப் பார்க்காத முதல் நேரம் அதுதான். பொன்னாயி பெரியம்மா, சிரிப்பெல்லாம் செத்துப்போன முகத்தோடு சொன்னாள்: "இனி இந்தப் பெட்டியை ஊட்டுல வெச்சிருக்கப்படாதுங்க. எல்லை தாட்டி உட்டுரோணும். எம்பேரன் பேத்தி இருக்குதுங்க."

அம்மை கண்ட ஊரில் கடைசியில் அதைத்தான் செய்வார்கள். ஆத்தாளை எல்லை தாண்டி வழியனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

சொல்வதற்கு எல்லாம் என் நாக்கில் இருந்தது. உப்பு, ஈரம், செம்பு, மியூசியம். என் நியாயத்தை நிலைநாட்டும்வரை பேசியிருக்கலாம். நான் பேசி ஜெயித்தால் பழி யார்மேல் போகும்? பெரியப்பாமேல் போகாது. சுற்றிச் சுற்றி அந்த ஈரச்சீலைக்குத்தான் போகும். பொய் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். அன்றைக்குக் கசக்கவில்லை.

"நான்தான்," என்றேன். "போன வருசம் லீவுக்கு வந்தப்பவே தொட்டுட்டேன். தீட்டோட. யாருக்குஞ் சொல்லல. நங்கை விளக்கறதுக்கு முன்னாலயே தொட்டது நானு."

அம்மா "அய்யோ!" என்றாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த லீவில் நான் ஊருக்கே வரவில்லை. அண்ணனுக்கும் தெரியும். அவன் தரையைப் பார்த்தான். முதல் தடவையாக அதற்கு நான் நன்றி சொன்னேன், மனசுக்குள்.

"நங்கை வாயிலிருந்து காசை எடுங்க," என்றேன். "யாருனால வந்துச்சோ அவளே சொமந்து எல்லை தாட்டோணும். அதுதானுங்க மொறை?"

பெரியப்பா நங்கையின் முன்னால் கையை நீட்டினார். அவள் காசைத் துப்பினாள். கூடவே பச்சைத் தண்ணி. அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள், மறுபடி மறுபடி, பேசாமல்.

வேப்பிலையைப் பெட்டியின் மேலே வைக்கச் சொன்னேன், உள்ளே வைக்க விடவில்லை. காய்ந்த துணியால் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். பெரியப்பா தன் கையால் தூக்கி என் தலையில் வைத்தார். அப்படி வைக்கும்போது காதோடு கேட்டார்: "பட்டணத்துல பொளைக்க வெச்சுருவாங்களா?"

"தெரியாதுங்க. பாக்கத் தெரிஞ்சவங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் விலகி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எல்லைக்கு அக்கட்ட ஆத்தா எங்க போனாலும் நாங்க கேக்க மாட்டோம். தூக்கிட்டுப் போனவ திரும்பி இந்த ஊட்டுப் படி மிதிக்கப்படாது."

"செரீங்க."

அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஆத்தாதான் கெளம்பிட்டாளே. நாளைக்கே எருமப்பட்டிக்குப் போயி அம்மை குத்தறவரைக் கூட்டியா. மொதல்ல உன்ற புள்ளைக்கு. அப்பறம் காத்தான் ஊட்டுல மிச்சம் இருக்கற புள்ளைங்களுக்கு." அவன் தலையை நிமிர்த்தினான்.

நங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என்னிடம் வரப் பார்த்தாள். பக்கத்தில் யாரையும் வரவிடாதீர்கள், தீட்டு என்று நானே கத்தினேன். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அம்மா குழந்தையை நங்கையின் மடியில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வெளியே வெயில் சுட்டது. மாற்றுச்சீலைகூட எடுக்கவில்லை. நாமக்கல்லுக்கு பஸ், அங்கிருந்து சேலம், சேலத்தில் ரயில். மியூசியத்தின் பின்கட்டுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. தலையில் பெட்டி கனத்தது. உள்ளே காசுக்கட்டி அசையும் சத்தம் ஒவ்வோர் அடிக்கும் கேட்டது. நாய்கூடக் குறுக்கே வராத தெருவில், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ள, நான் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.